கூரை ஏறிப் பாராமல் எழுதிய பதில்





வாரிசுரிமைச் சட்டத்தின் எஞ்சிய பகுதியை இவ்விதழில் தொடர்வதாகச் சென்ற மாதம் கூறியிருந்தேன். அதனை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இம்முறை ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். காரணம், அக்கடிதத்தைப் படித்தபோது என் சொந்தத் தவறொன்று கண்முன் வந்து நின்றது.

எழுதியவர் ஊவா மலைப்பகுதிக் கிராமமொன்றில் வாழும் சகோதரி. கணவர் கத்தாரில் தொழில் புரிகிறார். பிள்ளைகள் இருவர், மூத்த மகள் அடுத்த முறை சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். வீட்டில் கைத்தொலைபேசிக்கு அலை கிடைப்பது விறாந்தையின் ஒரு மூலையில் மட்டும்தான். ஆகவே செய்மதி வழியாக இணைய இணைப்புப் பெற எண்ணியிருக்கிறார். ஆனால், அவருடைய உறவினர் வீடொன்றில் இதே காரியம் பெரும் சண்டையில் முடிந்ததாம். பொருத்த வந்தவரைத் திட்டித் துரத்தி, கூலி கொடுக்க மறுத்து, ஈற்றில் விவகாரம் பொலிஸ் நிலையம் வரை போயிற்றாம். “நானும் ஏமாறக் கூடாது, என்னால் எவருக்கும் அநீதி நேரவும் கூடாது. எப்படி நடந்துகொள்வது? இதைக் கேட்டதற்கு என் தம்பி, ‘இதையெல்லாம் போய் மௌலவிமாரிடம் கேட்பதா, ராத்தா?’ என்று சிரித்தார்” என்று எழுதியுள்ளார்.

தம்பி சிரித்தது பற்றிக் கவலை வேண்டாம், சகோதரி. நம் ஃபிக்ஹு நூல்களைப் புரட்டினால், தொழுகை, நோன்பு, ஸகாத், ஹஜ் ஆகியவற்றின் பாடங்கள் முடிந்த பின்னர், விற்றல் வாங்கல், வாடகை, கூலி, கூட்டு, அடைமானம் என்று பாடங்கள் நீண்டு செல்வதைக் காணலாம். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகராவின் 282ஆம் வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. கூரைமேல் வைக்கும் அன்டெனாவும் ஓர் உடன்படிக்கையின் பேரில்தான் அங்கே ஏறுகிறது.

இனி, என் தவறுக்கு வருகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நம் நாட்டைத் தாக்கியதை எவரும் மறந்திருக்க முடியாது. வெள்ளமும் மண்சரிவும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றன. நான் கற்பிக்கும் மத்ரஸா கண்டி மாவட்டத்தில் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. விடுதியில் அறுபது பிள்ளைகள். எங்கள் ஊருக்கு வரும் பாதை இரண்டு இடங்களில் சரிந்தது. மின்சாரம் போயிற்று; சற்று நேரத்தில் தொலைபேசிக் கோபுரமும் அடங்கிற்று. நான்கு நாட்கள், பிள்ளைகள் உயிரோடிருக்கிறார்கள் என்ற செய்தியைக்கூடப் பெற்றோருக்கு எங்களால் அனுப்ப முடியவில்லை. ஐந்தாம் நாள், மாணவன் ஒருவனின் வாப்பா மாவனல்லையிலிருந்து பெரும்பாலும் கால்நடையாகவே வந்து சேர்ந்தார். சேறு படிந்த ஆடையுடன் வாசலில் நின்று மகனின் பெயரைச் சொல்லி அழைத்த அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மகன் ஓடி வந்ததும் அவர் எதுவும் பேசவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே நிர்வாக சபை கூடி, மத்ரஸாவுக்குச் செய்மதி இணைப்பு எடுப்பதென்று தீர்மானித்தது. ஊரார் பணம் தந்தார்கள். வெற்றிலை விற்றுச் சேர்த்ததிலிருந்து இருநூறு ரூபா கொண்டுவந்து தந்த விதவைத் தாயும் அவர்களுள் ஒருவர். ஆகவே, அந்தப் பணத்தின் ஒவ்வொரு ரூபாவும் எங்கள் கையில் அமானிதமாக இருந்தது.

இந்த இணைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது விளக்கிவிடுகிறேன். அது தெரியாததே எங்கள் தவறுக்கு வேர்.

தொண்ணூறுகளில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் வீட்டு மாடிகளில் பெரிய குடையை மல்லாத்தியது போன்ற டிஷ் அன்டெனாக்கள் முளைத்ததை நாற்பது வயதைக் கடந்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். (அதை வைப்பது கூடுமா கூடாதா என்று எங்கள் ஊரில் ஒரு வருடம் வாதம் நடந்தது. வாதம் முடிவதற்குள் எல்லா மாடிகளிலும் வந்துவிட்டது.) அந்தக் குடை நோக்கியிருந்த செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுவதால், வானில் ஒரே புள்ளியில் நிற்பது போலத் தோன்றும். குடையை அந்தப் புள்ளிக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். ஆனால் இணையத்துக்கு அந்தத் தூரம் ஒரு சுமை. நாம் ஒன்றைக் கேட்டால் அந்தக் கேள்வி மேலே சென்று கீழே இறங்கவும், பதில் அதே வழியில் திரும்பி வரவும் ஒளியின் வேகத்திலேயே அரை விநாடி ஆகிவிடும். தொலைபேசியில் பேசும்போது ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு ஏறி விழுவது இதனால்தான்.

இப்போது நம் நாட்டில் வீடுகளுக்குக் கிடைக்கும் ஸ்டார்லிங்க் சேவை வேறு வகையானது. 2024ஆம் ஆண்டில் தொலைத்தொடர்புச் சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டு, 2025 ஜூலை 2ஆம் திகதி இச்சேவை இலங்கையில் ஆரம்பமாயிற்று. இதன் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில்தான் செல்கின்றன. தாமதம் மிகக் குறைவு. ஆயினும் அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. மணிக்கு 27,000 கிலோமீற்றர் வேகத்தில் வானத்தைக் கடந்து ஓடுகின்றன. கூரைமேல் இருக்கும் தட்டையான அன்டெனா, ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றியவாறே இருக்கிறது. ஆகையால் அதற்கு வானத்தில் ஒரு புள்ளி போதாது. தலைக்கு மேலே 110 பாகை அகலத்துக்கு, விரித்த குடையின் அளவாய், வெட்டவெளி வானம் வேண்டும். அந்த விரிவுக்குள் ஒரு மரக்கிளை நீட்டியிருந்தால், செய்மதி அதன் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் இணைப்புச் சில விநாடிகள் அறுந்துவிடும். செய்தித்தாள் வாசிப்பவருக்கு அது தெரியாது. பாடம் கேட்கும் பிள்ளைக்கோ ஒவ்வொரு வாக்கியமும் பாதியில் நின்றுவிடும்.

கருவியைப் பெற்றுத் தந்து பொருத்தித் தருவதாக ஒரு முகவர் ஒப்புக்கொண்டார். அவர் அனுப்பிய படிவத்தில், “அன்டெனா வைக்கும் இடத்தில் மரங்களோ உயர்ந்த கட்டடங்களோ வானத்தை மறைக்கின்றனவா?” என்று ஒரு கேள்வி இருந்தது. கைத்தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கி, கமராவை வானத்தை நோக்கிப் பிடித்துச் சுற்றினால், மறைப்பு இருக்கிறதா என்று அதுவே காட்டும் என்றும் எழுதியிருந்தார்கள். படிவத்தை நிரப்பியவன் நான். றமழானுக்கு முன் இணைப்பு வந்துவிட வேண்டுமென்ற அவசரத்தில் நான் கூரையில் ஏறவுமில்லை; ஒரு மாணவனை ஏற்றவுமில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வானம் தெரிந்தது. “இல்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஜனவரியில் ஒருநாள், குருநாகல் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வேனில் ஏணியும் கருவிகளுமாக வந்தார். சிங்களச் சகோதரர். மலைப்பாதையில் சில இடங்கள் அப்போதும் செப்பனிடப்படாததால் அதிகாலையிலேயே புறப்பட்டிருக்கிறார். கூரையில் ஏறியவர் ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து தொலைபேசித் திரையை என்னிடம் நீட்டினார். வானம் நீலமாகத் தெரிந்த அந்தப் படத்தில் கிழக்குப் புறம் முழுவதும் சிவந்திருந்தது. அது மதிலுக்கு அப்பால் நிற்கும் பலாமரம்.

“மௌலவிதுமா, இதை இங்கே வைத்தால் நாளைக்கே நீங்கள் எனக்குக் கோல் எடுத்துத் திட்டுவீர்கள். வைக்காமல் போனால் இன்றைக்குத் திட்டுவீர்கள். எது நல்லது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

வைக்காமல் போவதே நல்லதென்றேன். மறுமுனையில் தண்ணீர்த் தாங்கி இருக்கும் கொங்கிறீட் மேடையில் ஒரு கம்பம் நட்டால் மறைப்பு நீங்கும் என்று அவரே அளந்து பார்த்துச் சொன்னார். ஆனால் பெட்டியுடன் வரும் கம்பியின் நீளம் 15 மீற்றர்தான். அது அலுவலக அறை வரை எட்டாது. நீளமான கம்பியை வரவழைக்க வேண்டும். கம்பம் செய்ய வேண்டும். மற்றொரு நாள் வரவேண்டும். வீணாய்ப் போன இந்த வருகைக்கு 7,500 ரூபா என்று பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அன்றிரவு நிர்வாக சபையில் இரண்டு பிரச்சினைகள் எழுந்தன.

முதலாவது, அந்த 7,500 ரூபா. செயலாளர் நல்ல மனிதர். பொதுப்பணத்தில் ஒரு சதம் வீணாவதையும் பொறுக்காதவர். “ஹஸ்ரத், வேலை நடக்கவில்லையே! நடக்காத வேலைக்கு எப்படிக் கூலி?” என்றார். என்னிடம் ஓதி மௌலவியாகி, இப்போது சபையில் இருக்கும் ஒருவர் ஃபிக்ஹு நூலையே எடுத்துவந்து காட்டினார். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவருக்கே என்று அமர்த்தப்பட்டவர் வந்து தன்னை ஒப்படைத்துவிட்டால், நாம் வேலை கொடுக்காவிட்டாலும் கூலி சேரும். ஆனால் ஒரு வேலையை முடித்துத் தருவதாகப் பேசி வந்தவருக்கு, வேலை முடிந்தால்தான் கூலி. இவர் இரண்டாம் வகையினர் அல்லவா என்று கேட்டார். மாணவர் சரியாகத்தான் படித்திருக்கிறார் என்று உள்ளூர மகிழ்ந்தேன். ஆனால் அவர் படித்த பக்கத்தில் படிவம் இல்லை. அதில் நான் எழுதிய “இல்லை”யும் இல்லை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து, மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததுமாக இருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் அறிந்தது. அதை எப்போதும் விற்பவருக்கு எதிராகவே ஓதிக் காட்டுகிறோம். வாங்குபவரும் தன் பக்கத்து ஈரத்தை மறைக்க முடியும். நான் வேண்டுமென்றே மறைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அறியாத ஒன்றை அறிந்தவன் போல எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் டீசல் செலவழித்து ஒரு நாளைத் தந்தார். பொதுப்பணத்திலிருந்து கொடுப்பது நியாயமில்லை என்றால் செயலாளர் சொல்வது சரி. அந்த விதவைத் தாய் என் கவனக்குறைவுக்காகப் பணம் தரவில்லை. ஆகவே அத்தொகையை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை, சகோதரி. கையில் சம்பளம் குறைந்த அந்த மாதத்தில் வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பைப் பெருமையென்று சொல்ல முடியாது.

இரண்டாவது பிரச்சினை, பலாமரம். “ஆச்சியிடம் கொஞ்சம் பணம் கொடுத்து மரத்தை வெட்டிவிட்டால் கம்பமும் வேண்டாம், நீண்ட கம்பியும் வேண்டாம், செலவு குறையும்” என்றார் ஒருவர். பலாமரத்தை அப்படி நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் தறிக்கப் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். அதைச் சொன்னேன். சமையற்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சபை உறுப்பினர் அல்லர், ஆயினும் உள்ளே வந்து, “பாதை மூடிக் கிடந்தபோது மூன்றாம் நாள் அரிசி முடியப் போயிற்று. ஆச்சி மதிலுக்கு மேலால் பிஞ்சுப் பலாக்காய் தந்தது அந்த மரத்திலிருந்துதான். பிள்ளைகள் இரண்டு வேளை அதைத்தான் சாப்பிட்டார்கள்” என்றார். அதன் பின்னர் மரத்தைப் பற்றி எவரும் பேசவில்லை.

றமழானின் முதல் வாரத்தில் அதே இளைஞர் மீண்டும் வந்தார். கம்பத்தை நாங்கள் முன்கூட்டியே அவர் தந்த அளவுப்படி செய்து, சீமெந்தில் நட்டு, காயவிட்டிருந்தோம். ஏணி வைக்கும் இடத்தைத் துப்புரவாக்கி, கம்பி செல்லும் வழியிலிருந்த அலுமாரியை நகர்த்தி, அலுவலகத்தில் மின்குதை அருகே மேசையும் போட்டாயிற்று. முதன்முறை இவற்றில் ஒன்றையும் செய்திருக்கவில்லை. வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. நண்பகலில் அவர் வேனுக்குள் சென்று மறைவாக உணவுப் பொதியைப் பிரிக்கப் போனார். நோன்பாளிகளின் இடமாயிற்றே என்ற மரியாதை. சமையற்காரர் விடவில்லை. அவருக்கென்றே சோறும் பருப்பும் மீனும் ஆக்கி, சாப்பாட்டறையில் அமர்த்திப் பரிமாறினார். நோன்பு நமக்கு, நாம் அழைத்து வந்த விருந்தாளிக்கு இல்லை.

நீங்கள் செய்யவேண்டியவற்றுக்கு இனி வருவோம்.

உங்கள் உறவினர் வீட்டுச் சண்டையை வாசித்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இங்கே உடன்படிக்கை ஒன்றல்ல, இரண்டு. சேவை வழங்கும் நிறுவனத்தோடு ஒன்று. பொருத்தித் தருபவரோடு மற்றொன்று. மாதக் கட்டணம், வேகம், கருவி பழுதானால் மாற்றித் தருவது ஆகியன நிறுவனத்தின் பொறுப்பு. கம்பம் சாய்வது, கூரையில் துளையிட்ட இடத்தில் மழை ஒழுகுவது, கம்பி தொங்குவது ஆகியன பொருத்தியவரின் பொறுப்பு. வேகம் குறைவென்று ஏணிக்காரரைத் திட்டுவதும், கூரை ஒழுகுவதற்கு நிறுவனத்துக்கு முறைப்பாடு எழுதுவதும் பயன் தராது. கருவியை நாமே பொருத்திக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆயினும் சரிவான ஓட்டுக்கூரையில் ஏறுவதற்கு வீட்டில் ஆள் இல்லையென்றால் பழகியவரை அழைப்பதே மேல். அழைக்கும்போது, கூலி எவ்வளவு, கம்பமும் ஆணியும் அதற்குள் அடங்குமா, ஒழுகினால் எத்தனை மாதத்துக்குள் வந்து பார்ப்பார், வேலை முடியாமல் திரும்ப நேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடைசிக் கேள்வியை நாங்கள் கேட்கவில்லை. நிறுவனத்திடமோ, சேவை பிடிக்காவிட்டால் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் எத்தனை நாட்கள், எந்த நாளிலிருந்து கணக்கு என்று கேளுங்கள். நம் நூல்களில் ‘கியார்’ எனப்படும் உரிமைக்கு ஒப்பானது இது. பெட்டியைப் பிரிக்காமல் அலுமாரியில் வைத்து அந்த நாட்களைக் கடத்திவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

மின்சாரத்தைப் பற்றி எவரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சாதாரண அளவு அன்டெனா 75 முதல் 100 வாற்று வரை இழுக்கும். நாள் முழுவதும் எரியவிட்டால் 1.8 முதல் 2.4 அலகு, மாதத்துக்கு 54 முதல் 72 அலகு. நம் மின்கட்டணமோ படிப்படியாக உயரும் முறையில் உள்ளது. சிக்கனமாகப் பாவிக்கும் சிறு குடும்பம் இதனால் மேலே உள்ள படிக்கு ஏறிவிடும். பட்டியலைக் கண்டு இணைப்பு நிறுவனம் ஏமாற்றிவிட்டதாகக் கூறுவது வீண்பழி. இரவு எட்டு மணி நேரம் நிறுத்தி வைத்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். பிள்ளைகளின் உறக்கமும் காக்கப்படும். புயல் நாட்களுக்காகத்தான் எடுக்கிறீர்கள் என்றால் அன்டெனா மாத்திரம் போதாது. மின்சாரம் இல்லாத வீட்டில் அது வெறும் பலகை. எங்களிடம் 100 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ற் மின்கலம் ஒன்று இருக்கிறது. அதில் பாதியளவைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஒருநாளைக்கு அரை மணி நேரம் இயக்கிச் செய்தி அனுப்பினால் பல நாட்களுக்குப் போதும்.

மலைநாட்டு இடியைச் சொல்ல வேண்டியதில்லை. உயரமான கம்பத்துக்குப் புவித்தொடுப்பு உண்டா என்று பொருத்துபவரிடம் கேளுங்கள். அவர் “தேவையில்லை” என்றால் காரணம் கேளுங்கள்.

கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடு உங்களுடையது. ஆகவே பொருத்துபவர் வரும் நேரத்தை நீங்கள் முடிவுசெய்து, தம்பியோ வாப்பாவோ வீட்டிலிருக்கும் நாளையே குறியுங்கள். சிரித்த தம்பியையே அன்று முழுநாளும் நிறுத்தி வையுங்கள். குறித்த நாளில் ஆள் இல்லாமற் போனால் முதல்நாளே அறிவித்துவிடுங்கள். மலை ஏறி வந்தவரைப் பூட்டிய கதவின் முன் நிறுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அவர் முன்னிலையிலேயே மகளின் பாடமொன்றை ஓடவிட்டு, கணவரோடும் ஓரிரு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டுக் கூலியைக் கையில் கொடுங்கள். “வேலை எப்படி என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று இழுத்தடிப்பது, முன்னரே அவ்வாறு பேசியிருந்தாலன்றி, நியாயமல்ல.

இணைப்பின் கணக்கு யார் பெயரில் என்பதும் சிறிய விடயமல்ல. எங்கள் ஊரில் ஒரு பொது நூலகத்துக்கு ஆர்வமுள்ள வாலிபர் ஒருவர் தன் மின்னஞ்சலில், தன் வங்கி அட்டையில் இணைய இணைப்பொன்றைப் பதிந்தார். பின்னர் அவருக்கு வெளிநாட்டு வேலை கிடைத்தது. அட்டை காலாவதியாயிற்று. கடவுச்சொல் எவருக்கும் தெரியாது. நிறுவனமோ கணக்குக்குரியவரைத் தவிர வேறெவரோடும் பேசாது. அது நிறுவனத்தின் குற்றமல்ல. நம் பாதுகாப்புக்கான விதியே அது. நீங்கள் உங்கள் பெயரிலேயே பதிந்து, கடவுச்சொல்லை எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள்.

பின்னர் குறை வந்தால் எப்படிச் சொல்வது? எங்கள் மத்ரஸாவில் ஐந்தாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, இணைப்பு அறும் நேரத்தையும் அப்போதைய வானிலையையும் குறிக்கச் சொன்னோம். மூன்று வாரங்களில் இரண்டு வகை வெளிப்பட்டது. பிற்பகல் அடைமழையின்போது வேகம் குறைந்து சில நிமிடம் அறுந்தது. இவ்வகை அலைகளைக் கனமழை தடுப்பது இயற்கை. மற்றொன்று, தினமும் மஃரிபுக்குச் சற்று முன் அறுந்தது. நிறுவனத்துக்குக் கடுமையாக எழுதச் செயலாளர் எழுதுகோலை எடுத்துவிட்டார். கொப்பிக்காரரான மாணவர் தயங்கியவாறு, “ஹஸ்ரத், அந்த நேரத்தில்தான் விடுதிப் பொறுப்பாளர் ஜுப்பாவுக்கு இஸ்திரி போடுகிறார்” என்றார். மின்குதையிலிருந்து ரவுட்டரைக் கழற்றிவிட்டு இஸ்திரிப் பெட்டியை மாட்டியிருக்கிறார் அவர். கடிதம் எழுதப்படவில்லை. ஆனால் உண்மையான குறை ஒன்று ஏற்பட்டு நீங்கள் எழுத நேர்ந்தால், திகதி, நேரம், மழையா வெயிலா, விளக்கு என்ன நிறம் காட்டிற்று என்று இந்தக் கொப்பியிலிருந்து எடுத்து எழுதுங்கள். “எப்போதும் வேலை செய்வதில்லை” என்று எழுதினால், அப்பால் இருப்பவருக்குப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அதோடு, அது உண்மையும் அல்ல.

கணவரின் நண்பர் கத்தாரிலிருந்து ஒரு கருவியைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரத் தயாராக இருக்கிறார், விலை மலிவு, அதை ஏற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இவ்வகைக் கருவிகளை நாட்டுக்குள் கொண்டுவர இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. கணக்கு எந்த நாட்டில் பதியப்பட்டது என்பதற்கேற்ப நிபந்தனைகளும் மாறும். சுங்கத்தில் மறைத்துக் கொண்டுவந்து, நிறுவனத்திடம் இருப்பிடத்தை மறைத்துப் பதிந்தால், உடன்படிக்கையின் முதல் வரியே பொய்யாகிவிடும். அங்கே வாங்க முன்னர், இலங்கையில் இந்தப் பெயரில் இந்த முகவரியில் பாவிக்க முடியுமா என்று நிறுவனத்துக்கே எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் பெறச் சொல்லுங்கள். பதில் வரும்வரை நண்பர் பேரீச்சம்பழம் கொண்டுவரட்டும்.

படிவத்தை நிரப்ப முன்னர் தம்பியைக் கூரையில் ஏற்றுங்கள். உங்கள் வீட்டைச் சுற்றித் தேயிலையா, சவுக்கு மரமா என்று கடிதத்தில் இல்லை. கூரையிலிருந்து நான்கு திசையிலும் எடுத்த படங்களை இதழின் முகவரிக்கு அனுப்பினால், எங்கள் குருநாகல் இளைஞரிடம் காட்டுகிறேன். ஊவாப் பக்கமும் வேலைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வழிச்செலவை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வாரிசுரிமை அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.